எண்ணிக்கை நினைவு ஆகாது

பாகிஸ்தான் பஞ்சாபில், உப்பு மலைத்தொடரின் மேல், கட்டாஸ்ராஜ் கோயில்களுக்குப் பக்கத்தில் துல்மியால் என்றொரு ஊர் இருக்கிறது. ஊருக்குள் பழைய பிரிட்டிஷ் பீரங்கி ஒன்றை மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். முதல் உலகப் போருக்கு இந்த ஒரே ஊரிலிருந்து 460 பேர் போனார்கள். அதற்குப் பாராட்டாக 1925-இல் பிரிட்டிஷ் அரசு கொடுத்த பரிசு அந்தப் பீரங்கி. தெற்காசியாவில் வேறெந்தக் கிராமமும் அந்தப் போருக்கு இவ்வளவு பேரை அனுப்பவில்லை என்பது ஊர்க்காரர்களின் பெருமை. அரசுக் கணக்கு இன்னும் சுருக்கமானது: இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குச் சென்றவர் 460, அவர்களில் உயிர் நீத்தவர் 9. எண்களை மட்டும் மாற்றி, இதே அச்சு வாசகத்தை அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் எத்தனையோ கிராமங்களில் கல்லில் பொறித்து வைத்தார்கள். போனவர்கள் யார், யாருடைய பிள்ளைகள், எதற்காகக் கடல் கடந்தார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தக் கல்லில் பதில் இல்லை. ஆளை வாங்கியவன் வைத்துக்கொண்ட வரவுசெலவுக் கணக்கு அது. ஆளைக் கொடுத்த ஊரின் நினைவு அல்ல. அந்தப் போர் நியாயமானதா, அதில் நம்மவர்கள் சேர்ந்தது சரியா என்ற விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். போனவர்களின் பெயரையும் போன காரணத்தையும் அவரவர் ஊரிலேயே எழுதி வைக்க அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கட்சி.

காரணத்திலிருந்து தொடங்கலாம். உப்பு மலைப் பகுதி மானாவாரி பூமி. பஞ்சாபின் சமவெளியில் பிரிட்டிஷார் வெட்டிய கால்வாய்கள் அந்த மேட்டுக்கு ஏறவில்லை. மழை தவறினால் விளைச்சல் இல்லை. பாகம் பிரியப் பிரிய நிலமும் சுருங்கியது. மாதம் 11 ரூபாய் சிப்பாய்ச் சம்பளம் அங்கே சிறு தொகை அல்ல. பின்னால் ஓய்வூதியமும் உண்டு. இதோடு ராணுவத்தின் கொள்கையும் சேர்ந்துகொண்டது. 1857 எழுச்சிக்குப் பிறகு, சில சாதியினரும் இனத்தாருமே போருக்குப் பிறந்தவர்கள், மற்றவர்கள் லாயக்கற்றவர்கள் என்ற சித்தாந்தம் வலுப்பெற்றது. அதைத் தீவிரமாக முன்வைத்தவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்துக்குத் தலைமை வகித்துவிட்டுப் பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானவர் அவர். தென்னாட்டுச் சிப்பாய் நெடுங்காலம் சண்டை காணாமல் மென்மையாகிப் போய்விட்டான் என்பது அவருடைய தீர்ப்பு. கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் கம்பெனிக்கு நாடு பிடித்துக் கொடுத்த சென்னைப் படையின் காலாட்பிரிவுகள் அதன்பின் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது பஞ்சாபிகளைக் கொண்டு நிரப்பப்பட்டன. 1914-இல் போர் மூண்டபோது இந்திய ராணுவத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் பஞ்சாபிகள். ஆக, துல்மியால் 460 பேரை அனுப்பியதற்கும் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்று பத்துப் பேரோடு நின்றதற்கும் வீரத்தில் வித்தியாசம் தேடிப் பயனில்லை. சிம்லாவிலும் லண்டனிலும் எடுத்த முடிவு அது.

ஒரே ஊரிலிருந்து இவ்வளவு பேர் எப்படி என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. ஆள்சேர்ப்பு பெரும்பாலும் உறவின் வழியாக நடந்தது. ஒரு கம்பெனியில் ஒரே இனத்தார் இருக்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. ஹவில்தாராகவோ சுபேதாராகவோ உயர்ந்த ஒருவர் விடுப்பில் ஊருக்கு வந்தால் திரும்பும்போது தம்பியையும் மருமகனையும் பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு போவார். இரண்டு தலைமுறை இப்படிப் போனபின் ராணுவமே அந்த ஊரின் தொழிலாகிவிட்டது. ராஜ விசுவாசம்தான் கிராமங்களைப் போருக்கு அனுப்பியது என்று அன்றைய ஆட்சியாளர்கள் சொன்னது எவ்வளவு மேலோட்டமானது என்பதற்குக் குஜராத்தின் கேடா மாவட்டம் சாட்சி. 1918-இல் காந்தியே அங்கு ஊர் ஊராகப் போய், பிரிட்டிஷாருக்கு உதவியாகப் படையில் சேருங்கள் என்று கேட்டார். சில வாரங்களுக்கு முன் வரிகொடா சத்தியாகிரகத்தில் அவர் பின்னால் திரண்ட அதே கிராமங்கள் இம்முறை வண்டி கொடுக்கவும் தயங்கின. காந்தி சொல்லியே கேடாவில் ஆள் கிடைக்கவில்லை. காந்தியை அறியாத உப்பு மலையில் வீட்டுக்கு வீடு ஆள் கிளம்பியது. இந்த வித்தியாசத்துக்கு விசுவாசத்தில் விடை கிடைக்காது. வறண்ட நிலத்திலும், ராணுவம் முன்கூட்டியே விரித்து வைத்திருந்த உறவு வலையிலும்தான் கிடைக்கும்.

இது போரின் முதல் பாதிக் கதை. பிற்பாதியில் வலையும் போதாமல் போனது. பஞ்சாபின் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓட்வியர் மாவட்டத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்தார். அது தாலுகாவுக்கும், தாலுகாவிலிருந்து ஊருக்கும் இறங்கியது. ஆள் பிடித்துக் கொடுத்த பெரிய மனிதர்களுக்குப் பட்டமும் நிலமும் கிடைத்தன. ஆள் கொடுக்காத ஊர்கள் அதிகாரிகளின் கெடுபிடிக்கு ஆளாயின. உப்பு மலையை ஒட்டிய ஷாபூர் மாவட்டத்தில் 1918-இல், ஆள்சேர்ப்பில் கடுமை காட்டிய தாசில்தார் ஒருவரைக் கிராமத்தவர்கள் அடித்துக் கொன்றார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் காங்கிரஸ் சார்பில் காந்தி முதலியோர் நடத்திய பஞ்சாப் விசாரணையின் அறிக்கை, இந்த ஆள்பிடிப்புக் கொடுமைகளைப் பதிவு செய்திருக்கிறது. பிரிட்டிஷ் விழா உரைகளில் இன்றும் ஒலிக்கும் ஒரு வரி உண்டு: இந்திய ராணுவமே உலகின் மிகப் பெரிய தன்னார்வப் படை என்பது. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் இந்தியாவில் இல்லை என்ற அளவில் அது சரி. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் தாசில்தார் இருந்தார். பசிக்குப் போனவனும், மாமன் கூப்பிட்டதால் போனவனும், நெருக்குதல் தாங்காமல் போனவனும் கல்லில் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டிருக்கிறார்கள். துல்மியாலின் 460-இல் எந்த வகை எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க வழியே கிடையாது. எண்ணிக்கை நினைவாகாது என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

460 பேரில் 9 பேர்தானே இறந்தார்கள், இதைப் பெரிய தியாகம் என்று எப்படிச் சொல்வது என ஒருவர் கேட்கலாம். இறப்பை மட்டுமே இழப்பாகக் கணக்கு வைப்பது அந்தக் கல்லைச் செதுக்கியவர்களின் முறை. நாம் ஏன் அதைப் பின்பற்ற வேண்டும்? 1914 செப்டம்பர் இறுதியில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படைகள் சில வாரங்களிலேயே பெல்ஜியத்தின் சகதிக் குழிகளுக்குள் அனுப்பப்பட்டன. அக்டோபர் 31 அன்று ஹொலபெக்கில் தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் எல்லோரும் மடிந்தபின் படுகாயத்தோடு உயிர் பிழைத்து, இந்தியச் சிப்பாய்களில் முதல் விக்டோரியா கிராஸ் பெற்ற குதாதாத் கான், துல்மியால் இருக்கும் இன்றைய சக்வால் மாவட்டத்தைச் சேர்ந்தவர்தான். காயம் ஆறியவர்களைத் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினார்கள். இந்திய வீரர்களிடம் பெருங்குமுறலை உண்டாக்கிய விஷயம் அது. அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பிரான்சில் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அப்படிப் படித்து மொழிபெயர்த்து வைத்த பகுதிகள்தான் இன்று நமக்குக் கிடைக்கும் சிப்பாய்களின் குரல். தணிக்கைக்குத் தப்ப மிளகுக் கணக்குப் போல எழுதினார்கள்: கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது சிவப்பு மிளகு வருகிறது, ஆனால் கறுப்புதான் வேண்டியிருக்கிறது என்கிற ரீதியில். கறுப்பு என்றால் இந்தியர், சிவப்பு என்றால் வெள்ளையர் என்பதைத் தணிக்கை அதிகாரியும் புரிந்துகொண்டார் என்பது வேறு விஷயம். ‘நீ இங்கே வராதே’ என்று தம்பிக்கு மறைமுகமாகச் சொல்ல அண்ணன்கள் இப்படியெல்லாம் வழி தேடினார்கள். பிறகு மெசபடோமியா. 1916 ஏப்ரல் 29 அன்று கூட் முற்றுகையின் முடிவில் ஏறத்தாழ 13 ஆயிரம் பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் கணிசமானோர் சிறைப்பட்ட காலத்தில் மாண்டார்கள். போய்த் திரும்பியவன் எதைக் கொண்டு திரும்பினான், அதுவரை அவன் வீட்டு உழவை யார் பார்த்தார்கள் என்ற கணக்கை எந்த அரசும் எடுக்கவில்லை.

இறந்தவர்களையாவது ஒழுங்காகக் கணக்கெடுத்தார்களா என்றால், இடத்தைப் பொறுத்து. 1917-இல் தொடங்கப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணையம் ஒரு நல்ல கொள்கையை அறிவித்தது: பதவி, இனம், மதம் என்ற பேதமில்லாமல் இறந்த ஒவ்வொருவருக்கும் பெயரோடு நினைவுச் சின்னம். பிரான்சின் நவ் ஷப்பெலில் 1927-இல் திறந்த இந்திய நினைவகத்தில் அதைச் செய்தும் காட்டியது. 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் அந்தச் சுவரில் உள்ளன. ஆனால் ஐரோப்பியக் கண்கள் அதிகம் படாத இராக்கின் பஸ்ரா நினைவகத்தில் கொள்கை மாறிவிட்டது. கல்லறை தெரியாத 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கான நினைவிடம் அது. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பதவி பேதமின்றிப் பெயர். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்கு எந்தப் படைப்பிரிவில் எத்தனை பேர் என்ற எண். ஒரே போர், ஒரே ஆணையம், இரண்டு தராசு. 2021-இல் அந்த ஆணையமே அமைத்த சிறப்புக் குழு இதை ஒப்புக்கொண்டது. 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர்வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரே இல்லாமலோ நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்றது அறிக்கை. ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும் எகிப்தியர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். ஆணையம் மன்னிப்பும் கேட்டது. நம் ஊர்களில் நிற்கும் எண் கற்களைப் பற்றி அந்த அறிக்கைக்குப் பிறகும் இங்கே பெரிதாக எவரும் பேசவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தத் தரக்குறைவு சட்டென உறைக்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், கள்வரோடு போராடிய கருந்தேவக்கத்தி என்பவனின் பெயர் இருக்கிறது. அவன் யாருடைய சேவகன் என்பதும் இருக்கிறது. அவனோடு நின்று காவல் காத்த நாயின் பெயர்கூட இருக்கிறது: கோவிவன். ஆடுமாடு காத்த ஓர் எளிய மனிதனையும் அவன் நாயையும் பெயர் சொல்லிக் கல்லில் ஏற்ற ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூரால் முடிந்தது. உலகின் கால்பங்கை ஆண்ட பேரரசால், தனக்காகச் செத்தவனின் பெயரை எழுத முடியவில்லை. கல்லில் இடமில்லை என்று நிச்சயம் சொல்ல முடியாது.

இனி, வலுவான ஆட்சேபம். அவர்கள் கூலிப்படை, அந்நியன் சம்பளத்துக்கு, அந்நியனின் போரில், தங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத துருக்கியரையும் ஜெர்மானியரையும் சுட்டவர்கள், சுதந்திர நாடு அவர்களை ஏன் நினைக்க வேண்டும்? 1919-இல் அமிர்தசரஸின் ஜாலியன்வாலாபாகில் ஜெனரல் டயரின் உத்தரவுக்கு விசையை அழுத்திய விரல்களும் இந்தியச் சிப்பாய்களுடையவையே. இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பேரரசின் வலிமை இந்தியச் சிப்பாயின் தோளில்தான் நின்றது என்பது வரலாறு. அதை மறைத்து எழுதப்படும் எந்த நினைவுச் சின்னமும் பொய். ஆனால் இந்த வாதம் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. பெயர் எழுதுவது வேறு, புகழ் பாடுவது வேறு. ஒரு மனிதன் எந்த ஊரிலிருந்து, எந்த நெருக்கடியில், யாருடைய தூண்டுதலில் போனான் என்று எழுதும்போதுதான் பேரரசு எப்படி இயங்கியது என்பது ஊர்க்காரனுக்கு விளங்கும். 460 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் ஒரு பீரங்கியும் இருக்கும்வரை பேரரசு சொன்ன கதைதான் நிற்கும்: விசுவாசமான ஊர், அதற்கு வெகுமதி. கூலி என்பதையும் நிதானமாகச் சொல்லலாம். இன்று வேலூர் மாவட்டத்தில், ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டையிலிருந்து படைக்குப் போகும் இளைஞனின் கணக்கிலும் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. அதனால் அவனை யாரும் கூலிப்படை என்பதில்லை. கொடி மாறியதும் மதிப்பீடு மாறுகிறது என்றால், மாறியது சிப்பாயின் குணமல்ல, அவனை அனுப்பிய அரசு. அந்த அரசின் குற்றத்தை அதன் சிப்பாயின் பெயரை மறைத்துத் தீர்த்துக்கொள்ள முடியாது.

அவர்களுக்குத்தான் நிலம் கொடுத்தார்களே, ஓட்டுரிமை கொடுத்தார்களே என்பது இன்னொரு வாதம். கொடுத்தார்கள். கால்வாய்க் குடியேற்றப் பகுதிகளில் நிலம் ஒதுக்கினார்கள். 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு பஞ்சாபில் முன்னாள் சிப்பாய்களுக்கு வாக்குரிமை தந்தார்கள். ஆனால் நிலத்தின் பெரும்பங்கு அதிகாரிப் பதவிக்கு உயர்ந்தவர்களுக்கும் ஆள்சேர்ப்புக்கு உதவிய குடும்பங்களுக்கும் போனது. சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது பதக்கமும் சொற்ப ஓய்வூதியமும். ஊருக்குக் கிடைத்தது, துல்மியால் மாதிரி அபூர்வமான இடத்தில், ஒரு பீரங்கி. நீர் ஏறாத மேட்டுப் பூமிக்குப் பரிசாக ஓர் ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்த மனநிலையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பெயர்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பஞ்சாபுக்கு விடை இருக்கிறது. போர் முடிந்த 1919-இல் அம்மாநில அரசு கிராமம் கிராமமாகப் பதிவேடு தயாரித்தது. 26 ஆயிரம் பக்கங்களில் ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்கள். வீரனின் பெயர், தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு, என்ன ஆனான் என்பது எல்லாம். அது லாகூர் அருங்காட்சியகத்தில் நூறாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தூங்கியது. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் மரபுச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் முயன்று, ஜலந்தர், லூதியானா, சியால்கோட் ஆகிய மூன்று மாவட்டங்களின் 45 ஆயிரம் பதிவுகளை 2021-இல் இணையத்தில் ஏற்றின. எல்லைக்கு இந்தப் பக்கம் இரண்டு மாவட்டங்கள், அந்தப் பக்கம் ஒன்று. இரு நாட்டு அரசுகளும் கைகோக்காத ஒரு வேலையைப் புலம்பெயர்ந்த பேரப்பிள்ளைகள் செய்தார்கள். இந்தப் பதிவேட்டின் அருமையே அது ஊரை அலகாகக் கொண்டதுதான். படைப்பிரிவு வாரியாகத் தேடினால் சிப்பாய் கிடைப்பான். ஊர் வாரியாகத் தேடினால்தான் ஒரு தெருவே காலியானது தெரியும்.

சென்னை மாகாணத்திலிருந்தும் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் அந்தப் போரில் படைவீரர்களாகச் சேர்ந்தார்கள். சுமை தூக்கவும் சாலை போடவும் போனவர்கள் தனி. சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியியல் பிரிவினர் பிரான்சிலும் மெசபடோமியாவிலும் பாலம் கட்டினார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள். நெல்லைச் சீமையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையைப் போதிய முன்னேற்பாடு இல்லாமல் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் இறக்கினார்கள். கப்பலில் வாரக்கணக்காக அடைபட்டு வந்தவர்கள் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன் சிதறினார்கள். தளபதிகளின் தவறு சிப்பாய்களின் கோழைத்தனமாக எழுதப்பட்டது. போருக்குப் பின் அந்தப் பிரிவே கலைக்கப்பட்டது. அதில் இருந்தவர்களின் ஊர்களில் அவர்களுக்காகப் பேச ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை. தமிழ்நாட்டு ஊர்களில் நிற்கும் எண் கற்களில் பல இன்று சுவரொட்டிக்கும் சுண்ணாம்புக்கும் அடியில் இருக்கின்றன. தொல்லியல் துறை அவற்றைப் பட்டியலிட வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் தங்கள் பழைய கோப்புகளை ஆவணக் காப்பகத்துக்குத் தர வேண்டும். படைப்பிரிவு ஆவணங்களிலும் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தரவிலும் இருக்கும் தமிழ்ப் பெயர்களை ஊர் வாரியாகப் பிரிக்க ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கு இரண்டு மூன்று ஆண்டு போதும். சுடுகாட்டுக்குக்கூடச் சாதிப் பாதை பிரிக்கும் ஊர்களில், போருக்குப் போனவர்களின் பட்டியல் வெளியானால், எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கும் வெளியாகும். அது சிலருக்கு உவப்பாக இராது. கிராம சபைக் கூட்டத்தில் அந்தப் பட்டியலைப் படிப்பதற்கு எதிர்ப்பு வந்தால், அது அந்தச் சிலரிடமிருந்துதான் வரும்.